பெட்டிக்குள் அடங்காத தமிழ்

என் அத்தைக்கு இனிப்பு நீர். மூன்று மாதத்திற்கு ஒரு முறை பட்டணத்துக் கிளினிக்கிற்குப் போய், இரத்தம் சோதித்து, மருந்து வாங்கி வரவேண்டும். பீடோங்கை ஒட்டிய ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனைதான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். மலாய் சரளமாகப் பேசுவார். ஆனால் படிக்கத் தயங்குவார். தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் மட்டும் மரண அறிவிப்பிலிருந்து இராசிபலன் வரை ஒரு வரி விடமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் மென்பொருள் படித்த நான், இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு கைப்பேசிச் செயலியைச் செய்தேன். கிளினிக்கில் முன்பதிவு செய்ய உதவும் செயலி. மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளிலும் இயங்கும். அந்தத் தமிழை நானே எழுதினேன். அதில் எனக்குப் பெருமை அதிகம். பட்டணத்தில் ஒரு சிறிய கிளினிக் இரண்டு மாதம் அதைச் சோதித்துப் பார்க்க இசைந்தது. முதல் பயனர் யார் என்கிறீர்கள்? அத்தைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கிளினிக்கிற்குப் போனார் அத்தை. பட்டியலில் அவர் பெயர் இல்லை. அன்று கூட்டம் அதிகம். மதியம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் மாத்திரை தீர்ந்து போயிருந்தது. மறுபடி இடம் கிடைத்தது நான்கு நாள் கழித்து. விஷயம் என் காதுக்கு வந்தபோது, செயலியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வார இறுதியில் வீட்டுக்குப் போய் அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்.

முந்தைய நாள் செயலி அனுப்பிய நினைவூட்டல் அப்படியே இருந்தது. தேதியும் நேரமும் சரி. அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். இடப்பக்கப் பொத்தானில் 'முன்பதிவை…' என்றிருந்தது. வலப்பக்கப் பொத்தானிலும் 'முன்பதிவை…' என்றுதான் இருந்தது.

ஒன்று, 'முன்பதிவை உறுதி செய்க'. மற்றொன்று, 'முன்பதிவை ரத்து செய்க'. அத்தை கண் பார்வைக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அவருடைய கைப்பேசியோ சிறியது. இடம் போதாமல் இரண்டு வாசகங்களும் ஒரே இடத்தில் அறுபட்டிருந்தன.

"எதை அமுக்குனீங்க அத்தை?" என்றேன்.

"ரெண்டும் ஒன்னுதானேப்பா? கைக்கு எது தோதா இருந்துச்சோ அதை அமுக்குனேன்," என்றார்.

அவரிடம் பிழையில்லை. கிளினிக்கிடமும் பிழையில்லை. பிழை முழுக்க என்னுடையது. ஆனால் அந்தப் பிழை நான் ஒருவன் மட்டும் செய்யும் பிழையல்ல என்பது பின்னால் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நம்மில் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறோம். பட்டம் பெற்றுப் போன மூத்தவர்கள் பலர் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். இது நம் வீட்டுப் பிரச்சினை.

பந்தியும் பெட்டியும்

முதலில் இந்தத் துறை அறியாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு காலத்தில் இணையப் பக்கங்கள் ஒரே அளவில் செய்யப்பட்டன. '800க்கு 600 அளவுத் திரையில் பார்க்கவும்' என்று பக்கத்தின் அடியில் எழுதி வைப்பார்கள். 2007இல் ஐபோன் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளங்கை அளவுத் திரை முதல் சுவர் அளவுத் திரை வரை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் தெரியவேண்டிய நிலை உருவானது. 2010இல் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு வழி காட்டியது. திரைக்குத் தக்கபடி நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறிந்து மாறும் விதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து 'ரெஸ்பொன்சிவ்' வடிவமைப்பு என்று அவர் பெயரிட்டார்.

பிறகு கருவிகள் வந்தன. ஆப்பிள் நிறுவனம் 2011இல் கணினிக்கும் 2012இல் ஐபோனுக்கும் 'ஆட்டோ லேஅவுட்' முறையைக் கொண்டுவந்தது. 'இந்தப் பெட்டி அந்தப் பெட்டியிலிருந்து 8 புள்ளி தள்ளி இருக்கவேண்டும். இதன் அகலம் அதன் அகலத்தைவிடக் குறையக்கூடாது' என்பது போன்ற உறவுகளைச் சொல்லிவிட்டால் போதும். கணக்கைக் கணினியே போட்டுக்கொள்ளும். அதன் அடியில் இயங்கும் கணக்குமுறை, 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'கசோவரி' என்பதாகும். இணையப் பக்கங்களுக்கு 'ஃபிளெக்ஸ்பாக்ஸ்' வந்தது. 2017இல் முக்கிய உலாவிகள் 'கிரிட்' முறையை ஏற்றன. வடிவமைப்பாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஃபிக்மா மென்பொருள் 2019 டிசம்பரில் தன் 'ஆட்டோ லேஅவுட்' வசதியை வெளியிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே உட்காரவேண்டும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டு வைப்பது பழைய முறை. புதிய முறையில் கோடு கிடையாது. விதி மட்டும் உண்டு. இலைக்கும் இலைக்கும் ஒரு சாண் இடைவெளி. வரிசை நிரம்பினால் அடுத்த வரிசை. கூட ஒருவர் வந்தால் எல்லாரும் தாமாகவே தள்ளி உட்காருவார்கள். ஆள் குறைந்தால் இலை பரந்து விழும். பந்தி நடத்துபவர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்கார வைக்கவேண்டியதில்லை.

இந்தக் கருவிகளை நான் குறை சொல்ல வரவில்லை. மூன்று நாள் வேலையை இவை மூன்று மணி நேரத்தில் முடித்துத் தருகின்றன. மூன்று மொழிகளில் ஒரு செயலியைத் தனி ஒரு மாணவன் செய்ய முடிந்ததே இவற்றால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரிசைக்கு இத்தனை பேர், ஓர் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று விதி போட்டவர் ஒல்லியானவர்களை மட்டும் மனத்தில் வைத்துப் போட்டிருந்தால், வாட்டசாட்டமான மாமா வந்து உட்காரும்போது என்ன ஆகும்? பந்தி கலையாது, வரிசை நேராகவே இருக்கும். மாமாவின் பாதி இலை மட்டும் மடிந்து போயிருக்கும்.

என் செயலியில் நடந்ததும் இதுதான். இரண்டு பொத்தான்களும் திரையின் அகலத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். எழுத்து ஒரே வரியில் நிற்கவேண்டும். இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி போட்டு வெட்டவேண்டும் என்று விதி போட்டவன் நான். கருவி அதைத் துல்லியமாக நிறைவேற்றியது. பழைய காலத்துப் பக்கமாக இருந்தால் எழுத்து பொத்தானை விட்டு வெளியே வழிந்து அசிங்கமாகத் தெரிந்திருக்கும். யாராவது பார்த்து உடனே சொல்லியிருப்பார்கள். இங்கே எதுவும் உடையவில்லை. திரை அழகாக இருந்தது. பொருள் மட்டும் காணாமல் போனது. தானியங்கிக் கருவியின் ஆபத்து இதுதான் என்பேன். அது தவறு செய்வதில்லை. நம் தவறை அழகாக மறைத்துவிடுகிறது.

வால் அறுந்தால் வினை போகும்

இனி இதில் தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே இடம் போதவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால் பல மொழிகளில் வாசகம் நீளும். பத்து எழுத்துக்குட்பட்ட சிறு ஆங்கில வாசகங்களுக்கு மொழிபெயர்ப்பில் இரண்டு முதல் மூன்று மடங்கு இடம் வேண்டியிருக்கும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் வழிகாட்டி நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஜெர்மன் மொழியின் நீண்ட சொற்களைப் போட்டுச் சோதித்துப் பார்ப்பது மேல்நாட்டு வடிவமைப்பாளர்களின் பழைய வழக்கம்.

மீதிப் பாதி உண்மை நம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் 'கேன்சல் அப்பாய்ன்மெண்ட்' என்றிருப்பதை வெட்டினால் 'கேன்சல் அப்பா…' என்று நிற்கும். சிரிப்பு வரும், ஆனால் ஆபத்தில்லை. எதையோ ரத்து செய்யப்போகிறோம் என்பது எவருக்கும் புரிந்துவிடும். மலாய் மொழியில் 'பாத்தால்கான் ஜன்ஜி தெமு' என்பதை எங்கே வெட்டினாலும் 'பாத்தால்' மிஞ்சும். தமிழில் 'முன்பதிவை ரத்து செய்க' என்பதை வெட்டினால் மிஞ்சுவது 'முன்பதிவை'. என்ன செய்யப்போகிறோம் என்பதே போய்விடுகிறது. 'கணக்கை நீக்குக', 'கணக்கைச் சேமிக்க' இரண்டும் 'கணக்கை…' ஆகின்றன. 'பணத்தைச் செலுத்துக', 'பணத்தைத் திரும்பப் பெறுக' இரண்டும் 'பணத்தை…' ஆகின்றன.

எதிர்மறையும் அப்படித்தான். 'செல்லும்', 'செல்லாது' என்பவற்றின் வேறுபாடு வாலில் இருக்கிறது. 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்பவையும் அவ்வாறே. கடைசியில் வெட்டு என்பது வினையை முதலில் சொல்லும் மொழிக்காரர்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதை நாமும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டோம். மொழியை மாற்றினோம்; வெட்டும் கத்தியை மாற்றவில்லை.

எழுத்தின் தலையும் காலும்

அகலம் ஒரு பக்கம் என்றால் உயரம் இன்னொரு பக்கம். நம் எழுத்துகளுக்குத் தலையும் உண்டு, காலும் உண்டு. 'கி', 'கீ' இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே இருக்கும் சிறு சுழி. 'க்' என்பதற்கும் 'க' என்பதற்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. 'து', 'ளு', 'ழூ' போன்றவை வரிக்குக் கீழே இறங்குகின்றன. பொத்தானின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து இறுக்கமாக வைத்துவிட்டால், மேலே புள்ளி போகும். கீழே கால் போகும். புள்ளி போன 'அவர்', 'அவர' என்று நிற்கும். இதைப் பார்க்கும் பிள்ளைகள் தமிழே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு கோளாறு உண்டு. யுனிகோடு முறையில் 'மு' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'முத்துலட்சுமி' என்ற பெயரை எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்து; கணினிக் கணக்கில் 13. 'பெயர் 10 எழுத்துக்கு மேல் போகக்கூடாது' என்று ஒரு செயலி விதி வைத்து, அதைக் கணினிக் கணக்கில் எண்ணினால், முத்துலட்சுமிக்குத் தன் முழுப் பெயரை எழுத உரிமையில்லை. எண்ணி வெட்டும்போது எழுத்தின் நடுவிலேயே கத்தி விழுந்தால் 'நி' என்பது 'ந' ஆகிவிடும். இதைச் சரிசெய்ய வழியில்லாமல் இல்லை. ஓர் எழுத்தை அதன் குறிகளோடு சேர்த்து ஒன்றாக எண்ணும் முறையை யுனிகோடு அமைப்பு வகுத்தே வைத்திருக்கிறது. பயன்படுத்துவதுதான் இல்லை.

சொல்லை வரி ஓரத்தில் உடைப்பதற்கும் நம்மிடம் மரபு இருந்தது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களின் ஒடுங்கிய பத்திகளை நினைவிருக்கிறதா? நீண்ட சொல் வரியின் ஓரத்தில் இரண்டாகப் பிரியும். அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காதபடி அச்சுக்கோப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கே பிரித்தால் படிப்பவர் தடுமாறமாட்டார் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையறிவைக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டிய கடமை இப்போது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"மலாய் தெரியாதா உங்கள் அத்தைக்கு?"

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. இந்த நாட்டில் பிறந்தவருக்கு மலாய் படிக்க வராதா, எதற்குத் தமிழ் இடைமுகம் என்கிறார்கள். நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன்.

தேசிய மொழியைப் படிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நாம் எல்லாரும் படித்தவர்கள்தாம். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று, பகலெல்லாம் பால் எடுத்து, மாலையில் சமைத்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய ஒரு தலைமுறை இன்னும் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கங்களில் நம்மோடு இருக்கிறது. தோட்டங்கள் கைமாறியபோது பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மிக எளிதாக வரும் எழுத்து தமிழெழுத்து. மருந்து, பணம், அரசாங்க உதவி ஆகிய மூன்றும் இன்று கைப்பேசி வழியாகத்தான் வருகின்றன. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதன் பிறகு கடைக்குள் நுழையவும் மறு ஆண்டு தடுப்பூசிக்குத் தேதி வாங்கவும் மைசெஜாத்ரா செயலி வேண்டியிருந்தது. அப்போது எத்தனை முதியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள் என்பதை நாம் கண்ணால் கண்டோம். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் உரிமை எந்த வயதிலும் மனிதனுக்கு வேண்டும். தன் உடம்பின் இரகசியத்தை, தன் வங்கிக் கணக்கை, இன்னொருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை மரியாதைக் குறைவானது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. வெட்டுண்ட தமிழைப் பார்க்கும் இளையோர் என்ன செய்கிறார்கள்? அமைப்புக்குப் போய் ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுகிறார்கள். நானும் பல முறை மாற்றியிருக்கிறேன். பிறகு செயலி நடத்துபவர் கணக்குப் பார்க்கிறார்: 'தமிழை யாரும் பயன்படுத்துவதில்லை, எதற்கு இந்த வீண் செலவு?' அடுத்த பதிப்பில் தமிழ் எடுக்கப்படும். மோசமான வடிவமைப்பு தமிழை விரட்டுகிறது. விரட்டப்பட்டதையே காரணம் காட்டித் தமிழ் மூடப்படுகிறது. பிள்ளைகள் குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இதே வாதத்தை நாம் கேட்டதில்லையா?

லயத்து வீடுகள்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லயத்து வீட்டைத் தெரியும். இரண்டு பேர் இருக்கும் குடும்பத்திற்கும் எட்டுப் பேர் இருக்கும் குடும்பத்திற்கும் ஒரே அளவு வீடு. திட்டம் போட்டவர்கள் அதில் குடியிருக்கப் போவதில்லை. பிள்ளைகள் பெருகியதும் எங்கள் ஆட்கள் பின்பக்கம் பலகையும் துத்தநாகத் தகடும் அடித்து ஒரு சமையற்கட்டை நீட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஒரு திண்ணை போட்டுக்கொண்டார்கள். வீடு மனிதனுக்குப் போதாதபோது மனிதன் வீட்டை நீட்டினான்.

கைப்பேசித் திரையில் அத்தையால் பலகை அடிக்க முடியாது. போட்டுக் கொடுத்த பெட்டிக்குள்தான் அவர் படிக்கவேண்டும். திட்டம் போடும் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம் என்பதே வேறுபாடு. லயத்தில் வளர்ந்த பிள்ளை வடிவமைப்பாளனாகி, தன் மொழிக்கு மறுபடியும் லயத்து வீட்டையே கட்டிக்கொடுத்தால் அது வருந்தத்தக்கது. நான் கட்டிக்கொடுத்தேன், அதனால் சொல்கிறேன்.

கணினித் தமிழில் நம் நாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' இல்லாமல் அந்நாளில் தமிழ் மின்னஞ்சல் எழுதியவர்கள் குறைவு. அவருடைய 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. உலகத் தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. அக்காலத்தில் எழுத்துரு இல்லாத கணினியைத் திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். எழுத்து திரையில் தோன்றவேண்டும் என்பதே அன்றைய போராட்டம். அதில் வென்றுவிட்டோம். தோன்றிய எழுத்து முழுமையாகத் தோன்றவேண்டும் என்பது இன்றைய வேலை. அன்று பெட்டியாகத் தெரிந்தது. இன்று பெட்டிக்குள் நசுங்குகிறது. கெடாவைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண்பாடும் உண்டு. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இண்டெல், இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். உலகத்திற்குச் சில்லு செய்யும் ஊரில், அம்மாவின் கைப்பேசியில் ஒரு தமிழ்ச் சொல் முழுதாகத் தெரியவில்லை.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிப்போக விருப்பமில்லை. நான் பிறகு கற்றுக்கொண்டு கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். எல்லாம் இன்றிருக்கும் கருவிகளிலேயே செய்யக்கூடியவை.

முதலாவது, வடிவமைப்பைத் தமிழில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தமிழை ஊற்றாதீர்கள். பட்டியலில் ஆக நீளமான தமிழ் வாசகம் எதுவோ அதை முதலில் பொத்தானில் போடுங்கள். அது பொருந்தினால் மலாயும் ஆங்கிலமும் தாமே பொருந்தும். ஜெர்மன்காரர்களின் சொல்லை வைத்து உலகம் சோதிக்கிறதென்றால், மலேசியாவில் தமிழை வைத்துச் சோதிப்பதில் என்ன தவறு?

இரண்டாவது, பொத்தானுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுக்காதீர்கள். உள்ளிருக்கும் எழுத்தைத் தழுவிக்கொண்டு வளரும் விதியைக் கொடுங்கள். குறைந்தபட்ச அளவு மட்டும் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் இரண்டு பொத்தான்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கட்டும். இதற்கான வசதி ஃபிளெக்ஸ்பாக்ஸில் உண்டு. ஃபிக்மாவிலும் 2023இல் வந்துவிட்டது.

மூன்றாவது, செயலைச் சொல்லும் இடத்தில் மூன்று புள்ளி வேண்டவே வேண்டாம். 'முன்பதிவு' என்பதைத் தலைப்பில் சொல்லிவிட்டால் பொத்தானில் 'உறுதி செய்க', 'ரத்து செய்க' என்றாலே போதும். வினை தனியாக நிற்கும், வெட்டவும் வேண்டியிராது. மொழிபெயர்ப்பாளரும் வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்தத் தீர்வு பிறக்கும். தனித்தனி அறையில் இருந்தால் ஒருவர் 'உன் சொல் நீளம்' என்பார். மற்றவர் 'உன் பெட்டி சிறிது' என்பார்.

நான்காவது, வரி உயரத்தைத் தாராளமாக வையுங்கள். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. 2018இல் வெளிவந்த இணைய அணுகல் நெறிமுறையின்படி, எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் 320 புள்ளி அகலத் திரையில் பார்த்தாலும் உள்ளடக்கம் தொலைந்து போகக்கூடாது. வரி உயரம் ஒன்றரை மடங்கானாலும் எழுத்து வெட்டுப்படக்கூடாது. அது தமிழுக்காக எழுதப்பட்ட விதியல்ல. ஆனால் தமிழை அதுவே காப்பாற்றும்.

ஐந்தாவது, வீட்டுக்குப் போய்ச் சோதியுங்கள். விடுதி அறையில், புதுக் கைப்பேசியில், நண்பனிடம் காட்டிச் சோதிப்பது சோதனையாகாது. பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, திரை கீறல் விழுந்த, எழுத்து பெரிதாக்கப்பட்ட அம்மாவின் கைப்பேசியை வாங்கி, வெயிலில் வாசலில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். நாம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், சிறுகதைப் போட்டி வைக்கிறோம். எல்லாம் தேவைதான். அவற்றோடு ஒரு நாள், தமிழியல் மாணவர்களும் கணினி மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, செயலிகளில் வரும் நூறு கட்டளைச் சொற்களை எடுத்துக்கொண்டு, குறுகிய, பிழையற்ற, பாட்டிக்கும் புரியும் தமிழில் எழுதிப் பார்க்கலாமே. 'சிம்பான்' என்று மலாய் ஒரே சொல்லில் சொல்வதை நாம் 'சேமி' என்று இரண்டே எழுத்தில் சொல்லலாம். தமிழ் எப்போதும் நீளம் என்பது நாம் சோம்பலில் கட்டிய கதை. கலந்து பேசி முடித்த அந்தப் பட்டியலை எவரும் எடுத்துப் பயன்படுத்தட்டும். ஒரு மேடை நிகழ்ச்சியின் செலவில் பாதிகூட ஆகாது.

மீண்டும் அத்தைக்கு வருகிறேன். அன்றிரவே அவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பொத்தான்களை மாற்றினேன். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றில் 'உறுதி செய்க', மற்றதில் 'ரத்து செய்க' என்று முழுதாகத் தெரியும்படி செய்தேன். உண்மையைச் சொன்னால் இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தை முன்பே செலவிட்டிருந்தால் அவர் நான்கு நாள் மாத்திரையில்லாமல் இருந்திருக்கமாட்டார். கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாய்விட்டுப் படித்தார்.

"இதை மொதல்லயே இப்படிப் போட்டிருந்தா என்னாப்பா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கருவி கையில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுமுன் திரையை ஒரு முறை தமிழில் திறந்து பாருங்கள்.